கைரேகையும் கைப்பச்சையும்

உள்ளங்கையைப் பற்றிக்கொண்டு, "இது ஆயுள் ரேகை, இது தன ரேகை" என்று கதை அளப்பவனைக் கண்டு நாம் நகைக்கிறோம். அங்க இலட்சணம் பார்த்து, ஆகாதவள் என்று பெண்ணின் வாழ்வைக் கெடுக்கும் சாமுத்திரிகத்தைச் சாடுகிறோம். சாடவேண்டியதுதான்! ஆனால், தோழர்களே! உள்ளங்கைக் கோட்டை நம்ப மறுக்கும் நம்மில் எத்தனை பேர், முன்கையில் உள்ள பச்சையைக் கண்டதும் "இவன் ரவுடி" என்று தீர்ப்பு எழுதாமல் இருக்கிறோம்? ரேகை பார்த்தால் மூடநம்பிக்கை. பச்சை பார்த்தால் மட்டும் பகுத்தறிவோ?

இந்தப் புதிய சோதிடத்தை ஊரெங்கும் பரப்பும் பள்ளிக்கூடம் தமிழ்த் திரை. வட சென்னை என்றதும் அங்கே ஓர் அச்சு ஆயத்தமாக இருக்கிறது. கறுத்த மேனி, கழுத்திலே கைக்குட்டை, மடித்துக் கட்டிய லுங்கி, கையிலே பச்சை, இடுப்பிலே கத்தி! ராயபுரமோ, எண்ணூரோ, திருவொற்றியூரோ, ஊர் எதுவானால் என்ன? உருவம் ஒன்றுதான். அவன் வாய் திறக்குமுன்பே வழக்கு முடிந்துவிடுகிறது.

இந்த அச்சு புதியதன்று. கும்பினி ஆட்சியில் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியிலே பச்சை குத்தினர். 1849-இல்தான் அக்கொடுமை சட்டத்தால் ஒழிந்தது. 1876-இல் இத்தாலியின் லொம்புரோசோ, குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி, தாடையும் காதும் பச்சையும் அவனைக் காட்டிக்கொடுக்கும் என்று நூல் எழுதினார். எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் நம்மவர் மூக்கையும் மண்டையையும் கருவி கொண்டு அளந்தார். 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டு, பிறப்பையே குற்றமாக்கியது. 1913-இல் சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஏறத்தாழ 3,000 கைதிகளை ஆராய்ந்து, குற்றவாளிக்கெனத் தனி உருவம் ஏதுமில்லை என்று காட்டினார். அறிவியல் கைவிட்டது, 1952-இல் சட்டமும் கைவிட்டது. வெள்ளித்திரை மட்டும் விடவில்லை!

2018-இல் வெற்றிமாறன் அளித்த 'வட சென்னை', இந்த அச்சைவிட உயர்ந்த படம், ஐயமில்லை. கேரம் ஆட்டத்தில் வல்லவனான அன்பு, கத்தியின் பக்கம் எப்படி இழுக்கப்படுகிறான் என்பதைச் சிறை, அரசியல், நிலத்தாசை ஆகியவற்றோடு பிணைத்துக் காட்டியது. குற்றம் உடலில் பிறப்பதில்லை, சூழலில் விளைகிறது என்ற உண்மை அதிலே உண்டு. எனினும் படம் வெளிவந்ததும், தங்களைக் காட்டிய முறை குறித்து மீனவ மக்கள் குமுறினர். இயக்குநரும் வருத்தம் தெரிவித்தார். அக்குமுறலுக்குக் காரணம் உண்டு. கத்தி எடுத்தவனுக்கு விரிவான வரலாறு கிடைத்தது. கத்தியே எடுக்காமல் விடியலில் கடலுக்கும் ஆலைக்கும் செல்லும் ஆயிரமாயிரம் பேர், திரையின் ஓரத்திலேயே நின்றுவிட்டனர்.

மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015) வேறு வழி சென்றது. குடிசைப் பகுதிச் சிறுவர் இருவர், பீட்சா தின்ன ஆசைப்பட்டுக் காசு சேர்க்கின்றனர். கடை வாயிலிலே விரட்டப்படுகின்றனர். குற்றம் கந்தலில்தான் என்றெண்ணிப் புத்தாடை தேடி அணிந்து வருகின்றனர். அப்போது கிடைப்பது என்ன? அறை! ஆடை மாறியும் அடி மாறவில்லை. "ஒழுங்காக உடுத்து, பச்சையை அழி, நாகரிகமாக நில், மதிப்பு தானே வரும்" என்று உபதேசிப்போருக்கு இதைவிடச் சரியான பதில் ஏது? திருந்த வேண்டியது சிறுவனின் சட்டையன்று, காவலாளியின் கண்!

கண் திறந்து பார்த்தால் வட சென்னையில் காண்பது என்ன? 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய நிறுவனமே, பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் ஆயிற்று. என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் உருவானதும் அவ்வூரிலே. லேலண்டு லாரி உருவானது எண்ணூரிலே. 2017 சனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையில் படிந்தபோது, வாளி கொண்டு அள்ளியவை மனிதக் கைகளே. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, இப்பகுதி ஆட்டோ ஓட்டுநரின் மகள். திரைக் கேரம் சிறைக்கு வழிகாட்டிற்று. மெய்க் கேரம் உலக மேடைக்கு வழிகாட்டிற்று!

குறத்தியிடம் கோலப் பச்சை குத்திக்கொண்ட நம் பாட்டி குற்றவாளியா? செல்வர் வீட்டுப் பிள்ளை குளிரூட்டிய அறையில் பெரும்பணம் தந்து குத்திக்கொண்டால் கலை. காசிமேட்டுப் பிள்ளை தாயின் பெயரைக் குத்திக்கொண்டால் சான்றாவணமா? பச்சை பேசவில்லை, தோழர்களே! பார்ப்பவனின் வர்க்கமும் சாதியும் பேசுகின்றன.

முகவரியையும் முன்கையையும் பார்த்து வேலை மறுப்பவனிடம், வீடு மறுப்பவனிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "இவன் செய்தது என்ன?" விடையில்லையென்றால் அவனும் ஒரு சோதிடனே. கிளி இல்லை, அவ்வளவுதான்!