நாலு மானும் ரெண்டு மயிலும்

'டாப்ஸ்லிப் போயிட்டு வந்தமுங்க. ஒண்ணுமே இல்லீங்க. நாலு மானு, ரெண்டு மயிலு. மயிலு நம்மூர்லயே சுத்துது. அதுக்கு எதுக்குங்க அத்தனை தூரம்?'

கோடை விடுமுறை முடிகிற வாரத்தில் பீளமேட்டில் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். ஆள் மாறும், வாசகம் மாறாது. கூடவே செலவுக் கணக்கும் வரும். வேன் வாடகை, டீசல், வனத்துறை வண்டிக்குக் கட்டணம், பொள்ளாச்சியில் டிபன்... மொத்தத்தை நாலால் வகுத்தால் மான் ஒன்றுக்கு இவ்வளவு என்று கைமேல் கணக்கு ரெடி. மோட்டார் பம்ப்பும் நூல் மில்லும் கண்ட ஊர். கணக்குப் பார்ப்பது ரத்தத்தில் இருக்கிறது.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால், எனக்கு இது ஒரு விமர்சனமாகவே படுகிறது. 'படம் சரியில்லீங்க, செகண்ட் ஹாஃப் இழுவை' என்கிற மாதிரி, 'காடு சரியில்லீங்க' என்கிறார். அப்படியென்றால் அவர் மனசில் ஏற்கெனவே ஒரு காடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டாப்ஸ்லிப் அந்தக் காட்டுக்கு ஈடுகொடுக்கவில்லை. அந்த முதல் காட்டை அவருக்கு யார் கொடுத்தது?

பாதியை நம்ம ஊர்க்காரரே கொடுத்தார். சாண்டோ சின்னப்பா தேவர். 1972-ல் வந்த 'நல்ல நேரம்' மாதிரியான படங்கள்... யானை தும்பிக்கையைத் தூக்கிக் கும்பிடும், பிள்ளையைக் காப்பாற்றும், வில்லனைத் துரத்தும். அந்தப் படங்களை நானும் விசிலடித்துப் பார்த்தவன்தான், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால், இரண்டு தலைமுறைத் தமிழனுக்கு யானை என்றால் வீட்டில் பெரிய அண்ணன் மாதிரி என்கிற நினைப்பு அங்கேதான் ஊறியது. மீதிப் பாதியை டி.வி. சேனல் கொடுத்தது. ஒரு கேமராக்காரர் மாதக்கணக்கில் புதரில் கிடந்து எடுத்ததை நாற்பது நிமிடமாக வெட்டி ஒட்டிக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்த கண்ணோடு வனத்துறை வேனில் ஏறி ஒரு மணி நேரம் சுற்றினால் புலி வந்து நிற்குமா? ஆனைமலைப் புலிகள் காப்பகம் கிட்டத்தட்ட 1,480 சதுர கிலோமீட்டர். அதில் அந்த வேன் போய்வரும் பாதை ஒரு நூல் அளவு.

இன்னொரு வேடிக்கை, அந்த வேன் போகிற பாதையில் இருப்பது பெரும்பாலும் காடே இல்லை. சேத்துமடை தாண்டி மலையேறினதும் இரண்டு பக்கமும் நெடுநெடுவென்று நிற்பது தேக்கு. அதில் பெரும்பகுதி நட்டு வளர்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கட்டவும் ரயில் பாதைக்குக் கட்டை போடவும் வெள்ளைக்காரன் இந்த மலையை மொட்டையடித்தான். வெட்டிய மரத்தை யானைகள் மலை விளிம்புவரை இழுத்துவரும். அங்கிருந்து சரிவில் உருட்டிவிடுவார்கள். மலை உச்சியில் இருந்த அந்தச் சறுக்குதான் டாப்ஸ்லிப். மரம் வெட்டிய வேலைக்கு வைத்த பெயரை இயற்கை அழகுக்கு விலாசமாக்கிக்கொண்டோம்.

பிறகு ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி வந்தார். வெட்டுவதை முறைப்படுத்தி, வெட்டிய இடத்தில் மறுபடி மரம் எழும்படி செய்தவர். கோட்டுப் பையில் தேக்கு விதையும் கையில் ஊன்றுகோலுமாக நடப்பார், கோலால் குழி போட்டு விதையைத் தள்ளுவார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். 1933-ல் இறந்துபோன அவரை அங்கேயே, அவருடைய மரங்களுக்கு நடுவில் புதைத்திருக்கிறார்கள். நல்ல மனுஷன், சந்தேகமில்லை. ஆனாலும், அவர் போட்டது தேக்கு. ஒரே ஜாதி மரமாக நிற்கிற இடத்தில் நிழலும் இருக்கும் வரிசையும் இருக்கும், சோலைக்காட்டின் நூறு தினுசுப் பழமும் பூவும் இருக்காது. அதிலும் கோடையில் தேக்கு இலையைக் கொட்டிவிட்டு எலும்பாக நிற்கும். அப்போதுதான் நாம் விடுமுறை என்று கிளம்பிப் போகிறோம். கரியன் சோலைப் பக்கம் ஒரு எட்டு பார்த்தால் வித்தியாசம் தெரியும். அங்கே உள்ளே வெளிச்சம் இறங்கவே யோசிக்கும்.

வால்பாறைப் பக்கம் போனாலும் இதே கதைதான். நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி, 'அடடா, என்ன பச்சை!' என்று போட்டோ எடுக்கிறோமே, அது தேயிலை. மழைக்காட்டை அடியோடு வெட்டிவிட்டுப் போட்ட விவசாயம். வழியில் பார்க்கிற தண்ணீர்ப் பரப்பெல்லாம் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்து அணைகள். ஆக, அணையையும் தோட்டத்தையும் நட்ட மரத்தையும் பார்த்துவிட்டு, 'இயற்கை சூப்பர், மிருகம்தான் காணோம்' என்று திரும்பிவருகிறோம். தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சிய காட்டில்தான் சோலைமந்தியும் இருவாச்சியும் பிழைத்துக்கிடக்கின்றன. காரை நிறுத்தி அதுகளுக்குச் சிப்ஸ் போடுகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.

சரி, காட்டைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. படித்தாவது பார்க்கலாமே என்றால், நல்ல புத்தகங்கள் தமிழில் இருக்கின்றன. மூன்றைச் சொல்கிறேன். மூன்றிலும் எனக்குச் சண்டையும் உண்டு.

முதலாவது, மா.கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் மகன். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் ஆரம்பித்த பத்தியை 1996-ல் சாகும்வரை எழுதினார். யானை மேல் உட்கார்ந்து, கறுப்பு வெள்ளையில் காட்டைப் படமெடுத்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தேடிப்பிடித்துத் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று புத்தகமாக்கினார் தியடோர் பாஸ்கரன். இதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். கிருஷ்ணனின் பலம், புலிக்கும் காக்காய்க்கும் ஒரே மரியாதை. அணிலைப் பற்றி எழுதினாலும் அவசரப்படமாட்டார். நாலு மான்தான் பார்த்தேன் என்று சலித்துக்கொள்கிறவர் படிக்க வேண்டிய முதல் புத்தகம் இது. நாலு மான் என்பது எவ்வளவு பெரிய சமாசாரம் என்று புரியும். அது எந்த மான், கொம்பு வெல்வெட்டில் இருந்ததா, ஏன் குரங்கு இருக்கிற மரத்தடியிலேயே மேய்ந்தது... ஒரு நாளைக்கு அது போதும். வெளிநாட்டுச் செடிகொடி என்றாலே அவருக்குப் பிடிக்காது. இன்றைக்கு நம் காடுகளுக்குள் உண்ணிச்செடி அடர்ந்து புல்லை விழுங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கையில், அந்தக் கோபத்துக்கு அர்த்தம் இருப்பது தெரிகிறது. என் சண்டை ஒன்றுதான். அவர் காட்டில் மனுஷர் குறைவு. பாகனும் வழிகாட்டியும் ஓரமாக வந்துபோகிறார்கள், அவர்கள் வீட்டுக்குள் நாம் நுழைவதில்லை.

இது கிருஷ்ணன் ஒருவருடைய வழக்கம் இல்லை. 'நேஷனல் பார்க்' என்கிற யோசனையே அப்படிப் பிறந்ததுதான். அமெரிக்காவில் 1872-ல் யெல்லோஸ்டோனை அறிவித்தார்கள். கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர், நம் ஆனைமலையைப் போல ஆறு மடங்கு. மலை, வெந்நீர் ஊற்று, காட்டெருமை, கரடி எல்லாம் உண்டு. அங்கே காலங்காலமாக வேட்டையாடித் திரிந்த ஷோஷோனி போன்ற பழங்குடிகளை அப்புறப்படுத்தினார்கள். 1886-லிருந்து 1918 வரை ராணுவமே காவல் காத்தது. பிறகு வந்து பார்த்தவர்கள், 'ஆஹா, மனிதக் காலடி படாத பூமி' என்றார்கள். காலடியைத் துடைத்துவிட்டால் படாத மாதிரிதான் இருக்கும். அந்த அச்சில் வார்த்துத்தான் உலகம் முழுக்கக் காட்டுக்கு வேலி போட்டார்கள்.

இரண்டாவது புத்தகம், 'எரியும் பனிக்காடு'. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச்.டேனியல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வந்தது. இரா.முருகவேளின் தமிழ் மொழிபெயர்ப்பு 2007-ல் வந்தது. பாலாவின் 'பரதேசி' (2013) இதைத் தழுவியதுதான். பஞ்சத்தில் அடிபட்ட திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி மலையேறுகிறார்கள். அட்வான்ஸ் கடனாகிறது, கடன் விலங்காகிறது. குளிர், அட்டை, மலேரியா. டாக்டர் எழுதியதால் நோயும் கூலிக்கணக்கும் அத்தனை துல்லியம். வசனங்கள் சில இடத்தில் பிரசங்கமாகிவிடுவதை மறைக்க முடியாது. டேனியல் கைதேர்ந்த நாவலாசிரியர் இல்லை, கண்ணால் கண்டதை விடாமல் எழுதிய சாட்சி. வால்பாறைப் பச்சைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இதைவிடத் துலக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால், இந்தக் கதை லயத்து வீடுகளை விட்டு அதிகம் நகர்வதில்லை. வெட்டப்பட்ட காடு யாருடைய வீடாக இருந்தது என்ற கேள்வி அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

மூன்றாவது, ச.பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'. 2004-ல் வந்த நாவல். இது ஆனைமலை அல்ல, சத்தியமங்கலம், கர்நாடக எல்லைக் காடு. 2013-ல் அதுவும் புலிகள் காப்பகமாகிவிட்டது. முதல் பாதியில் சோளகர்களின் வாழ்க்கை. ராகிக் காடு, தேன், வேட்டை, கொத்தல்லியின் சொல், கொஞ்சம் கொஞ்சமாக வெளியாள் கைக்குப் போகும் நிலம். இரண்டாவது பாதியில் வீரப்பன் தேடுதல் வேட்டை என்ற பெயரில் சிவண்ணாவுக்கும் மாதிக்கும் நடந்தது. ராத்திரி படித்தால் தூக்கம் வராது, எச்சரித்துவிடுகிறேன். கற்பனை என்று தள்ளவும் முடியாது. அதிரடிப்படைக் கொடுமைகளை விசாரித்த சதாசிவா குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு இடைக்கால நிவாரணமாக 2.80 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. நாவலாக எடைபோட்டால் முதல் பாதிதான் எனக்குப் பெரிசு. பின்பாதியில் சித்ரவதை அடுக்கடுக்காக வருகையில், முன்பு ஆளாக இருந்தவர்கள் வழக்குக் கட்டில் சாட்சி எண்களைப் போல மெலிந்துவிடுகிறார்கள். ஆனால் மூன்று புத்தகத்தில், காட்டை வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிற ஒரே புத்தகம் இதுதான்.

புத்தகம் படிக்க நேரமில்லை என்கிறவருக்கு யானைகளே பாடம் நடத்தின. 2019 ஜனவரியில் நம் தடாகம் பக்கத்தில் 'சின்னத்தம்பி' என்ற யானையைப் பிடித்து டாப்ஸ்லிப் வரகளியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். 'காட்டு மிருகத்தைக் காட்டில் விட்டாச்சு' என்று நாம் நிம்மதியானோம். அது சில நாளில் இறங்கிவந்து உடுமலை தாண்டி நடந்து, மடத்துக்குளம் பக்கம் கரும்புக் காட்டில் நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து, மரக்கூண்டில் அடைத்துப் பழக்கி, கும்கியாக்கிவிட்டார்கள். 2023 பிப்ரவரியில் தர்மபுரியில் பிடித்த ஒரு மக்னா யானையையும் இதே வரகளியாற்றில் விட்டார்கள். அது பொள்ளாச்சி, மதுக்கரை என்று நடந்து கோயமுத்தூருக்குள் பேரூர் வரைக்கும் வந்துவிட்டது! காசு கட்டி வேனில் போய்ப் பார்க்க முடியாததை ஓசியில் பார்க்க ஊரே செல்போனோடு ஓடியது. மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். காடு என்றால் ஆனைமலை எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம் இருப்பது என்று நாம் கீறின கோடு அந்த யானைக்குத் தெரிந்திருக்கவில்லை. தடாகத்தில் அதன் வழியில் செங்கல் சூளை போட்டவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லைதான். அனுமதியில்லாத சூளைகளை மூட 2021 வரை ஆனது. அந்தச் செங்கல்லில் கட்டிய வீடுகள் எங்கள் பீளமேட்டில் எத்தனை என்று எண்ணினால் விடியும்.

முதுமலையின் பொம்மன், பெள்ளி பற்றிய 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' 2023-ல் ஆஸ்கர் வாங்கியதும் தெப்பக்காட்டு முகாமில் கூட்டம். படம் அழகு. அந்த அழகில் காட்டுநாயக்கர் என்றால் குட்டியானைக்குப் பால் புகட்டுகிறவர் என்ற அளவோடு நமக்குத் திருப்தியாகிவிடுகிறது. கோழிகமுத்தி முகாமில் மலசர்கள் யானையைக் குளிப்பாட்டும்போது நாம் எடுக்கிற போட்டோவைப் பாருங்கள். யானை முழுசாக இருக்கும், ஆள் பாதி வெட்டுப்பட்டிருப்பார்.

2019 ஆகஸ்ட் மழையில் வால்பாறை பக்கம் கல்லார்குடியில் நிலம் சரிந்தது. அங்கிருந்த காடர்களுக்கு வீடு போயிற்று. காடர் என்ற பெயரிலேயே காடு இருக்கிறது. பக்கத்தில் தெப்பக்குளமேட்டில் குடிசை போட்டார்கள். வனத்துறை, 'இது புலிகள் காப்பகம்' என்றது. தேயிலைத் தோட்டத்துப் பழைய லயத்து வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த வீடுகளின் லட்சணம் தெரியவேண்டுமானால் டேனியலைப் படிக்கலாம். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனு, நடை, போராட்டம் என்று இரண்டு வருஷம் அலைந்தார்கள். தெப்பக்குளமேட்டில் அவர்களுக்குப் பட்டா கிடைத்தது 2021-ல். இதைப் பற்றி ஒரு காடர் எழுதிய புத்தகம் ஏதாவது வந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள்.