படகும் பாதையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய். அது பெருகினால் கலுங்கு பாய்கிறதா, மடையைத் திறக்கலாமா என்பதுதான் பேச்சு. அதன் மேலேறி அடுத்த ஊருக்குப் போகலாம் என்ற நினைப்பே வராது. கரையைச் சுற்றித்தான் போவோம். குண்டாறோ பெரும்பாலான மாதங்கள் மணலாகக் கிடக்கிறது. கேரளத்திலும் இலங்கையிலும் ஜனங்கள் அரசுப் படகேறி வேலைக்குப் போய்வருவதைப் பார்த்தால் எங்களுக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

இரண்டு ஊர்ப் படகும் ஒன்றல்ல. கேரளத்தில் அது தண்ணீரில் ஓடும் டவுன் பஸ். இலங்கையில் அது சாலையின் ஒரு பகுதி. அங்கே தார் போட முடியவில்லை, அவ்வளவுதான்.

கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை 1968-இல் தொடங்கியது, தலைமையகம் ஆலப்புழை. அங்கே கோட்டயம் படகில் ஏறினால் வேம்பநாட்டுக் காயலைத் தொட்டு, வாய்க்கால்களுக்குள் புகுந்து போய்ச்சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். முன்னால் சுக்கான் பிடிப்பவர் ஸ்ராங்க். எஞ்சினைப் பார்ப்பவர் வேறொருவர். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்ராங்க் மணிக்கயிற்றை இழுத்துத்தான் அவருக்குச் சொல்கிறார். துறை நெருங்கியதும் லாஸ்கர் தாவி இறங்கிக் கயிற்றைக் கட்டையில் சுற்றுகிறார். பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடைக்காரப் பெண்களும் ஏறி இறங்க, மறுபடி மணி. கோட்டயம் நெருங்கும்போது வாய்க்காலின் குறுக்கே உள்ள நடைபாலங்களைக் கயிறிழுத்துத் தூக்கிப் படகுக்கு வழிவிடுவார்கள். பாலம் பழுதானால் படகு காஞ்ஞிரம் துறையோடு திரும்பிவிடும்.

இலங்கையில் இதற்கு நெருக்கமானது மட்டக்களப்பு வாவி. கடலோரம் எழுவான்கரை, உள்ளே வயல்கள் நிறைந்த படுவான்கரை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குக் கடப்பது 'பாதை' என்னும் மிதவைத் தட்டில். மோட்டார் சைக்கிளை அணைக்காமலே ஏற்றிவிடுகிறார்கள். உட்கார இருக்கை தேடினால் சிரிப்பார்கள். வடக்கே ஊர்காவற்றுறை–காரைநகர்ப் பாதையை நடத்துவது வீதி அபிவிருத்தி அதிகார சபை. கட்டணம் கிடையாது. சாலையில் நடக்க யாராவது காசு கேட்பார்களா என்பது அங்குள்ள நியாயம். எனக்கு அந்த நியாயம் பிடித்திருக்கிறது.

ஆனால் அதற்குள்ளேயே படகின் முடிவும் இருக்கிறது. சாலைத்துண்டு என்றால் பாலம் வந்ததும் தேவையில்லை. 2009-இல் கிண்ணியாவிலும் 2014-இல் மண்முனையிலும் பாலங்கள் திறக்கப்பட்டன, பாதைகள் ஓய்ந்தன. அதைக் குறை சொல்ல முடியாது. 2021 நவம்பர் 23 அன்று, பாலவேலை முடியாமல் கிடந்த குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மாண்டார்கள். பிரசவ வலியோடு பெண்ணைக் கொண்டுபோகிறவருக்குப் பாலம்தான் வேண்டும். வாவியின் அழகு சுற்றுலாக்காரர் கவலை.

கேரளப் படகு பிழைத்திருப்பதற்குக் காரணம், அது குறுக்கே மட்டுமல்ல, நெடுகவும் ஓடுவது. வைக்கம்–தவணக்கடவு போல வெறும் கடவைகளும் உண்டு. அங்கே 2017 முதல் 75 பேர் ஏறும் 'ஆதித்யா' சூரியசக்திப் படகு ஓடுகிறது. மற்றபடி வாய்க்கால் ஓரத்து ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் எத்தனை பாலம் கட்டுவது? கேரளத்துக்கும் கறை உண்டு. 2002 ஜூலை 27 அன்று முஹம்மாவிலிருந்து குமரகம் போன படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அரசு வேலைத் தேர்வு எழுதப் புறப்பட்டவர்கள் பலர்.

ஒரே நாளில் படகிலேயே ஏரிக்கரை ஊர்கள் பார்க்க வேண்டுமானால் வேம்பநாட்டுக்குப் போங்கள். நம் பக்கத்தார் விருதுநகரில் கொல்லம் ரயில் பிடித்து, அங்கிருந்து ஆலப்புழை போகலாம். ஹவுஸ்போட் தரகரிடம் மாட்டாமல் நேரே அரசுப் படகுத்துறைக்கு நடந்துவிடுங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மண்டூருக்கு என்றால் முருகன் கோயிலின் ஆவணித் திருவிழாவை ஒட்டிப் போவது நல்லது.