விருதுநகர் ஓட்டல்

பம்பாயில் கடலோரத்துத் தாஜ்மகால் ஓட்டல் திறக்கப்பட்ட 1903-ஆம் ஆண்டிலேதான், அப்போது விருதுபட்டி என்று வழங்கிய இந்த வியாபார ஊரில் காமராஜர் பிறந்தார் என்பது வெறும் தற்செயல். ஆயினும் ஓட்டல் என்ற ஒரே சொல்லுக்கு இவ்விரு ஊர்களும் கொண்ட அர்த்தங்களை எண்ணும்போதெல்லாம் அந்த ஆண்டு என் நினைவுக்கு வருகிறது. அங்கே 1973-இல் பக்கத்திலேயே ஓர் அடுக்குமாடிக் கோபுரமும் எழுந்தது. இங்கே ஓட்டலுக்கு லட்சணம் மாடியன்று, முகப்பில் எரியும் அடுப்பு.

மிளகாய், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று பகலெல்லாம் நடந்த பேரம் ஓய்ந்த அந்திவேளையில், பிசைந்து ஊறவைத்த மைதா மாவை மெல்லிதாக வீசி, சுருட்டி, தட்டி, மற்ற ஊர்களைப் போல் வெறும் கல்லில் வாட்டி எடுத்துவிடாமல், தேங்கி நிற்கும் எண்ணெயில் அமிழ்த்திப் பொன்னிறமாகப் பரோட்டா பொரித்தெடுக்கும் மாஸ்டரின் கைச் சாதுரியம் இருக்கிறதே, அதை நல்ல கச்சேரிக்குச் சமானமாகவே சொல்வேன். (வைத்தியர்கள் மன்னிப்பார்களாக.) நொறுக்கிய துண்டுகளின் மேல் சால்னா விழுந்ததும், பாதி மொறுமொறுப்பும் பாதி ஊறலுமாக அது அடையும் பக்குவம் சில நிமிஷங்களே நிற்கும். சிவகாசிக்குப் பட்டாசு வாங்கப் போகிறவர்கள் திரும்பும் வழியில் இங்கே இறங்கி உட்கார்ந்தே சாப்பிடுங்கள். பார்சல் மட்டும் வேண்டாம்.