தன்னறிவும் இழப்பும்: வர்ஜீனியா வுல்ஃபின் நினைவுக் கட்டுரை

வர்ஜீனியா வுல்ஃப் (1882–1941) தம்மைப் பற்றி எழுதியவற்றுள் ‘எ ஸ்கெட்ச் ஆஃப் தி பாஸ்ட்’ என்னும் நினைவுக் கட்டுரை தனித்து நிற்பது. ரோஜர் ஃப்ரையின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் உழைப்பினின்று சற்றே இளைப்பாறும் பொருட்டு 1939 ஏப்ரலில் அவர் இதனைத் தொடங்கினார். 1940 நவம்பர் வரை விட்டுவிட்டு எழுதினார். முற்றுப்பெறாத இவ்வெழுத்து, அவர் மறைந்து 35 ஆண்டுகளுக்குப் பின், 1976இல் ‘மொமென்ட்ஸ் ஆஃப் பீயிங்’ என்னும் தொகுப்பில் வெளிவந்தது.

நினைவு எழுதுவோர் நடந்தவற்றைக் கூறுகின்றனர். அவை எத்தகைய மனிதருக்கு நடந்தன என்பதைக் கூறாது விடுகின்றனர் என்பதே வுல்ஃப் காணும் குறை. ஆங்கிலத் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதற் பதிப்பாசிரியரான லெஸ்லி ஸ்டீபனின் மகள் இதனைக் கூறுவது கருதத்தக்கது. அவர் நோக்கில் வாழ்நாளின் பெரும்பகுதி உணர்வின்றியே கழிகிறது. சில கணங்கள் மட்டும் அதிர்ச்சியாய்த் தாக்குகின்றன. சிறுமியாய்ச் செயின்ட் ஐவ்ஸில் பூச்செடி ஒன்றை நோக்கியபோது, பூவும் மண்ணும் சேர்ந்ததே முழுமை என உணர்ந்தார். அண்ணன் தோபியுடன் அடித்துக்கொண்டபோது, பிறரை ஏன் நோகச் செய்வது என்று ஓங்கிய கையைத் தாழ்த்தினார். முன்னது நிறைவு தந்தது. பின்னது கையறு நிலையில் ஆழ்த்தியது. அதிர்ச்சியைச் சொல்லாக்கும்போது அதன் வருத்தும் ஆற்றல் நீங்குகிறது என்பது அவர் கண்ட முடிவு.

‘தன்னை அறிதல்’ என்னும் தொடர் தமிழ்ச் சமய மரபில் தலைவனை அறிதலோடு பிணைந்தது. வுல்ஃபோ இறைவன் இல்லையென வெளிப்படையாகவே எழுதியவர். ஆதலின் அவர் கூறும் முழுமையை மறைஞானமாகக் கொள்வது பொருந்தாது. அன்றாடத்தின் பின்னே ஓர் ஒழுங்கு மறைந்திருப்பதாக அவர் கருதினும், சொல்லில் வடிக்கும்போதே அது மெய்யாகிறது என்கிறார்.

இவ்வறிவுக்கு ஒரு விலை உண்டு. 1895இல் தாய் ஜூலியா இறந்தபோது வுல்ஃபுக்கு வயது 13. நாற்பதைக் கடந்த பின்னும் தாயின் குரல் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ‘டு தி லைட்ஹவுஸ்’ (1927) நாவலில் திருமதி ராம்சேயைப் படைத்தபின் அக்குரல் நின்றது, உருவமும் மறைந்தது. திறனாய்வாளர் பலர் இதனைத் துயர் தீர்ந்த கதையாகவே படிக்கின்றனர். ஆனால் வுல்ஃப், எழுதிய காரணத்தால் தாயின் உருவமும் அன்பும் ஏன் மங்க வேண்டும் என்று வினவுகிறார், விடை கூறவில்லை. நாவலின் இறுதியில் ஓவியத்தை முடிக்கும் லிலி பிரிஸ்கோவும் தான் கண்ட காட்சியை முடிந்துபோன ஒன்றாகவே எண்ணுகிறாள்.

நாவல் தீர்த்து வைத்ததாகக் கூறிய தாயின் நினைவை வுல்ஃப் 1939இல் மீண்டும் எழுதப் புகுந்ததன் காரணம் இங்குப் புலனாகிறது. நோவை நீக்கிய எழுத்து, நோவுக்கு உரியவரையும் உடன் கொண்டுபோயிற்று. அவரை மீட்கவும் எழுத்தைத் தவிர வேறு வழி அவருக்கு இருக்கவில்லை.