கெர்ட் லேடிக்: படிக்கப்படாத யுத்தம்

கல்லறைத் தோட்டத்தில் இன்னும் புதைக்காமல் கிடக்கும் குழந்தைகளின் பொணங்கள். முதல் குண்டு விழுந்த அதிர்ச்சி அவற்றைத் தூக்கியெறிகிறது. செத்தவங்களையும் திரும்பக் கொல்கிற யுத்தம். 1956-இல் கெர்ட் லேடிக் எழுதிய 'ஃபெர்கெல்டுங்' (பழிக்குப் பழி) என்ற ஜெர்மன் நாவல் இப்படித்தான் தொடங்குகிறது.

ஜெர்மன் நகரங்கள் மீதான குண்டுவீச்சு பற்றி ஸேபால்ட் எழுதிய கட்டுரைகளைப் படிக்கப் போய்த்தான் இந்தப் பேர் எனக்குத் தெரிந்தது. பிறகு ஷான் வைட்சைட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் நாவலைப் படித்தேன்.

1944 ஜூலை. பேரில்லாத ஒரு ஜெர்மன் நகரம். பகல் 1.01 முதல் 2.10 வரை அமெரிக்க விமானங்களின் தாக்குதல். மொத்தம் 69 நிமிடம், அவ்வளவுதான் கதை. நிலவறை இடிந்து உள்ளே மாட்டிக்கொண்ட சனங்கள், பீரங்கியடியில் நிற்கும் பள்ளிக்கூடத்துப் பையன்கள், பிள்ளைகளைப் போருக்குக் கொடுத்துவிட்டுச் சாவுக்காக வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் கிழவன் கிழவி, பாராசூட்டில் குதித்த அமெரிக்க சார்ஜெண்ட் ஒருவன். காட்சிகள் துண்டுதுண்டாக மாறுகின்றன. யார் எங்கே என்று முதல் வாசிப்பில் பிடிபடாது.

நடுநடுவே ஒவ்வொருத்தரும் தன்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். எங்கே பிறந்தேன், என்ன வேலை, யாரைக் கட்டினேன் என்று, ஏதோ விண்ணப்பம் எழுதுவதுபோல. அனுதாபம் தேடுகிற வேலையே அதில் இல்லை. நல்லவன் கெட்டவன் என்று லேடிக் சலித்தெடுப்பதுமில்லை. அற்பமான ஆசைகளோடு இருந்த ஒரு ஆள், கொஞ்ச நேரத்தில் வெறும் சதை. இந்தப் பகுதிகளுக்காகவே நாவலைத் திரும்பப் படித்தேன்.

1921-இல் லைப்சிக்கில் பிறந்த லேடிக், தானாகவே போய்ப் படையில் சேர்ந்தவர். 1942-இல் லெனின்கிராட் அருகே காயம்பட்டுத் தாடை சிதைந்தது, விரல்கள் போயின. யுத்தத்துக்குப் பின் கிடைத்த கூலி வேலைகளைச் செய்தார். போர்முனை பற்றிய முதல் நாவல் 'ஸ்டாலின் ஆர்கன்' (1955) வரவேற்கப்பட்டது. அடுத்த வருடம் ஊருக்குள் விழுந்த குண்டுகளைப் பற்றி எழுதியதும் விமர்சகர்கள் முகத்தைச் சுளித்தார்கள்: அருவருப்பு, எல்லை மீறல். மொழி நாறுது என்கிற வசவு நமக்கும் பழசுதானே. 1957-இல் மூன்றாவது நாவல். அதோடு இலக்கியத்திலிருந்து ஒதுங்கிவிட்டார்.

விமானக் குண்டுவீச்சைப் பற்றி ஜெர்மன் எழுத்தாளர்கள் பெரும்பாலும் மௌனம் காத்தார்கள் என்றார் ஸேபால்ட், 1997 சூரிச் உரைகளில். எழுதப்பட்டது, வாசிக்கத்தான் ஆளில்லை என்றார் விமர்சகர் ஃபோல்கர் ஹாகெ. நான் ஹாகெ பக்கம். எழுதலைங்கிறது வேற, எழுதினதைக் கேட்க மாட்டேன்னு காதைப் பொத்திக்கிறது வேற. 1955-இல் மேற்கு ஜெர்மனி மறுபடி ராணுவம் அமைத்தது. பொருளாதாரம் ஓங்கிக்கொண்டிருந்தது. புதுவீட்டுக்குக் குடிபோகிறவனிடம் அஸ்திவாரத்துக்குக் கீழே கிடக்கும் எலும்பைக் காட்டினால் அவன் உபசரிக்கவா செய்வான்? 1999-இல் சுர்காம்ப் பதிப்பகம் நாவலை மறுபடி வெளியிட்டது. அந்த ஜூனிலேயே லேடிக் செத்துப்போனார்.

இது ஜெர்மானியரை அப்பாவிகளாக்கும் பிரதியா? தலைப்பைப் பாருங்கள். 1944 ஜூனிலிருந்து லண்டன் மேல் நாஜிகள் ஏவிய வி-1 என்ற பேரிலுள்ள 'வி', ஃபெர்கெல்டுங் என்ற சொல்லின் முதலெழுத்து. நாஜிப் பிரச்சாரத்தின் அந்தச் சொல்லைத்தான் லேடிக் எடுத்து ஜெர்மன் நகரத்தின் தலைமேல் வைத்தார். தமிழுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு இது சிக்கல்தான். 'பழிக்குப் பழி' என்று போட்டால் சினிமாப் பேராகிவிடும்.