மட்டையில் இருக்கும் முத்திரை எதற்குச் சாட்சி?

அமெரிக்காவில் வேலை முடிந்து மாலையில் ஆடும் ஸ்லோபிட்ச் சாஃப்ட்பால் லீக்குகளின் விதித்தாளைப் பார்த்தால் பெரும்பாலும் ரெண்டு அடுக்கு இருக்கும். ஏதோ ஒரு தேசிய அமைப்பின் விதிப்புத்தகம் செல்லும் என்று ஒரு வரி, அதுக்கு மேல உள்ளூர்க்காரங்க சேர்த்த திருத்தங்கள். மட்டை பற்றி வருவது அநேகமாக ஒரே வாக்கியம்தான்: அங்கீகார முத்திரை இருக்கணும். ஏன் என்று எழுதுவதில்லை.

காரணம் பிட்சர். ஸ்லோபிட்சில் அவர் பந்து வீசுவது 50 அடி தூரத்திலிருந்து. 1933-ல் தொடங்கிய அமெச்சூர் சாஃப்ட்பால் சங்கம், அதாவது இன்றைய யுஎஸ்ஏ சாஃப்ட்பால், 2004 தரத்தில் அடிபட்ட பந்தின் வேகத்துக்கு மணிக்கு 98 மைல் என்று ஆய்வக வரம்பு வைத்தது. அந்த வேகத்தில் நேராக வரும் பந்து அவரை எட்ட சுமார் 0.35 விநாடி. கையுறையைத் தூக்க அவ்வளவுதான் நேரம்.

1968-ல் தொடங்கிய யுஎஸ்எஸ்எஸ்ஏ-வுக்கு வேறு அளவுகோல், வேறு முத்திரை. ஒரு லீக்கில் செல்லும் மட்டை பக்கத்து லீக்கில் செல்லாமல் போகலாம். ஆட்டக்காரர்கள் அலுத்துக்கொள்வது இதைப் பற்றித்தான். செலவு அவங்க பை, கோபம் நியாயம்தான். ஆனா பெரிய ஓட்டை வேற இடத்துல இருக்கு.

காம்போசிட் மட்டை அடிக்க அடிக்க மாறுகிறது. உள்ளே இழை அடுக்குகள் தளர, குழல் இளகி, பந்தை இன்னும் வேகமாக உந்தித் தள்ளும். சிலர் பொறுமை இல்லாமல் உருளைகளுக்கு நடுவே விட்டு இளக்குகிறார்கள். சிலர் உள்சுவரையே சுரண்டுகிறார்கள். வெளியே பெயிண்டும் முத்திரையும் அப்படியே இருக்கும். மட்டையை வேணும்னே பழசாக்கிச் சோதிக்கும் முறை ஆய்வகங்களில் வந்துவிட்டது, உண்மைதான். ஆனாலும் அங்கே சோதித்தது அந்த மாடலை. உங்க எதிரணிக்காரர் கையில் இருப்பதை அல்ல. மாலை நேர அம்பயருக்கு இருப்பது கண்ணும் காதும்தான்: விரிசல், நெளிவு, உள்ளே கலகலக்கும் சத்தம்.

குழலை அமுக்கி எவ்வளவு விறைப்பு மிச்சமிருக்குன்னு பார்க்கும் கருவி பெரிய போட்டிகளில் புழங்குகிறது. அது காட்டும் எண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. முத்திரையைவிட அதிகம் சொல்லும். சீசன் நடுவில் ஒருமுறை அதை வரவழைத்து, தேறாத மட்டை முத்திரை இருந்தாலும் ஓரம் போகணும் என்று திருத்தத்தில் ஒரு வரி போடலாம். டிஷர்ட் நம்பருக்கெல்லாம் விதி எழுதுறவங்களுக்கு இது கஷ்டமா என்ன?