மோவாய் வரை மட்டை: ஓர் அளவு அட்டவணையின் விமர்சனம்

பனிக்கட்டி ஹாக்கி மட்டை விற்கும் கடைகளில் ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பத்தியில் ஆட்டக்காரரின் உயரம், மற்றொன்றில் எடை; அவற்றுக்கு நேராக மட்டையின் நீளமும் 'ஃபிளெக்ஸ்' எனப்படும் ஓர் எண்ணும். வாங்க வருபவர் தம் உயரத்தையும் எடையையும் சொன்னால் போதும். மட்டை கைக்கு வந்துவிடும். இந்த அட்டவணை எவ்வளவு தூரம் அறிவியலுக்குப் பொருந்துகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். கனடாவில் இது உயிர்மூச்சான விளையாட்டு. புல்தரைக்குப் பதில் பனிக்கட்டித் தளம். பந்துக்குப் பதில் 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள ரப்பர் வட்டு. அதன் எடை 156 முதல் 170 கிராம் வரை. மட்டைக்கு இரு உறுப்புகள்: நீண்ட தண்டு, அதன் அடியில் வட்டைத் தொடும் தட்டையான அலகு. நோவா ஸ்கோஷியாவின் மிக்மாக் பழங்குடியினர் 19-ஆம் நூற்றாண்டில் மரங்களை வேரோடு எடுத்து, தண்டும் வேரும் சேருமிடத்தின் இயல்பான வளைவையே அலகாகச் செதுக்கி மட்டைகள் செய்தனர். பின்னர் ஒட்டுமரம் வந்தது, அலுமினியம் வந்தது, இன்று கரியிழை ஆள்கிறது. உயர்தரக் கரியிழை மட்டை சுமார் 400 கிராம் எடையே உள்ளது. விலையோ 300 அமெரிக்க டாலரையும் தாண்டுகிறது. எனவே தவறான மட்டையைத் தேர்ந்தால் ஆட்டமும் கெடும், பணமும் வீணாகும்.

அட்டவணையின் பின்னால் இருப்பவை இரண்டே விதிகள். ஒன்று: காலணியின்றி நிமிர்ந்து நின்றால் மட்டையின் மேல்முனை மூக்கைத் தொட வேண்டும், சறுக்குக் காலணி அணிந்து நின்றால் மோவாயைத் தொட வேண்டும். இரண்டு: உடல் எடையைப் பவுண்டில் கணக்கிட்டு, அதில் பாதியை ஃபிளெக்ஸ் எண்ணாகக் கொள்ள வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நிற்பவரும் ஆடுபவரும்

மோவாய் விதியில் ஓர் உண்மை இருக்கிறது. உயரமானவருக்கு நீண்ட மட்டை வேண்டும் என்பதில் ஐயமில்லை. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் விதிப்படி, தண்டின் நீளம் அலகின் குதிப்பகுதியிலிருந்து 63 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் 6 அடி 6 அங்குலமும் அதற்கு மேலும் உயரம் உள்ளவர்கள் கேட்டுக்கொண்டால் 65 அங்குலம் வரை அனுமதி உண்டு. விதி வகுத்தவர்களும் உடலுக்கும் மட்டைக்கும் உள்ள தொடர்பை ஒப்புக்கொள்கின்றனர் என்பதே இதன் பொருள்.

குறை வேறிடத்தில் உள்ளது. நிமிர்ந்து நின்று யாரும் இந்த ஆட்டத்தை ஆடுவதில்லை. முழங்கால் மடங்கி, இடுப்பு குனிந்து, மேல்கை மார்புக்கும் இடுப்புக்கும் இடையில் இருக்கும் நிலையில்தான் ஆடுகிறார்கள். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவர் அதிகமாகக் குனிவார். மற்றவருக்குக் கைகள் நீளமாக இருக்கும். இருவருக்கும் மோவாய் ஒரே உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் இருவரின் கைகளும் பனித்தளத்திலிருந்து ஒரே உயரத்தில் இல்லை. ஆட்டத்தில் வராத ஒரு நிலையை அளந்து, ஆட்டத்துக்கான கருவியைத் தீர்மானிப்பது முறையாகுமா?

நீளம் சிறிது மாறினால் என்ன என்று கேட்கலாம். சீரான ஒரு தண்டை அதன் முனையைப் பற்றிச் சுழற்றும்போது, அதன் நிலைமத் திருப்புத்திறன் நீளத்தின் மும்மடியைப் பொறுத்து உயர்கிறது. நீளம் 5 விழுக்காடு கூடினால் இந்தத் திருப்புத்திறன் ஏறக்குறைய 16 விழுக்காடு கூடும். நீண்ட மட்டை தொலைவில் உள்ள வட்டை எட்டும். அதனால் தடுப்பாட்டக்காரர்கள் அதை விரும்புகின்றனர். ஆனால் வட்டை இடமும் வலமும் விரைந்து திருப்ப வேண்டிய முன்னணி ஆட்டக்காரருக்கு அதுவே சுமையாகிறது. எந்த இடத்தில் ஆடுகிறீர்கள் என்று அட்டவணை கேட்பதே இல்லை.

அட்டவணை மறந்த கோணம்

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தண்டுக்கும் அலகுக்கும் இடையே உள்ள கோணத்தை 'லை' என்னும் எண்ணால் குறிப்பார்கள். எண் உயர உயர, அலகு தளத்தில் படிந்திருக்கும்போது தண்டு அதிகம் நிமிர்ந்து நிற்கும். நீளம் சரியாக இருந்தும் இந்தக் கோணம் பொருந்தாவிட்டால் அலகு முழுவதும் பனியில் படியாது.

இதைக் கண்டறிய எளிய சோதனை இருக்கிறது. அலகைச் சுற்றி ஒட்டிய நாடா எங்கே தேய்கிறது என்று பாருங்கள். குதிப்பகுதியில் மட்டும் தேய்ந்தால், அந்த மட்டைக்கு உரியதைவிடத் தண்டைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள், நுனி தூக்கிக்கொண்டிருக்கிறது. குறைந்த லை எண்ணோ சற்றுக் குட்டையான தண்டோ தேவை. நுனியில் மட்டும் தேய்ந்தால் நிலைமை நேர்மாறு. நாடா நடுவில் தேய்ந்தால் மட்டை பொருத்தம். மூக்கையும் மோவாயையும் அளப்பதைவிட இந்தத் தேய்மானம் நம்பத்தக்க சான்று. ஏனெனில் அது ஆடும்போது விழுந்த தடம்.

எடையும் விசையும்

இனி இரண்டாம் விதி. ஃபிளெக்ஸ் எண் என்பது, தண்டை இரு முனைகளில் தாங்கி நடுவில் 1 அங்குலம் வளைக்கத் தேவைப்படும் விசையைப் பவுண்டில் சொல்வதாகும். 85 எண் கொண்ட மட்டையை 1 அங்குலம் வளைக்க 85 பவுண்டு, அதாவது சுமார் 378 நியூட்டன் விசை வேண்டும்.

ஏன் வளைக்க வேண்டும்? ஓங்கி அடிக்கும்போது அலகு வட்டுக்குச் சற்று முன்பாகவே பனியில் மோதுகிறது. கீழ்க்கை தண்டை அழுத்த, தண்டு வில்லைப் போல் வளைந்து ஆற்றலைச் சேமிக்கிறது. நிமிரும்போது அந்த ஆற்றலை வட்டுக்குத் தருகிறது. வில்லாளியின் வலிமைக்கேற்ற வில் வேண்டும் என்பது போலவே, ஆட்டக்காரரின் விசைக்கேற்ற மட்டை வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒருவரால் 300 நியூட்டன் விசை தர முடியும் என்று கொள்வோம். 85 எண் மட்டை சுமார் 2 சென்டிமீட்டர் வளைந்து 3 ஜூல் ஆற்றலைச் சேமிக்கும். 50 எண் மட்டை அதே விசையில் சுமார் 3.4 சென்டிமீட்டர் வளைந்து 5 ஜூலுக்குச் சற்று மேல் சேமிக்கும். விசை மாறாதிருக்க, மென்மையான மட்டையே அதிகம் சேமிக்கிறது. அப்படியானால் எல்லோரும் மிக மென்மையான மட்டையை வாங்கலாமே? கூடாது. மென்மையான தண்டு நிமிர அதிக நேரம் எடுக்கும். வட்டும் அலகும் தொட்டுக்கொண்டிருப்பது நொடியின் நூறில் சில பங்கு நேரமே. அதற்குள் தண்டு நிமிராவிட்டால் சேமித்த ஆற்றலில் ஒரு பகுதி வீண், குறியும் தவறும்.

ஆகவே தீர்மானிக்க வேண்டியது, ஆட்டக்காரர் எவ்வளவு விசையை எவ்வளவு வேகமாகத் தருகிறார் என்பது. உடல் எடை இதற்கு மறைமுகமான அடையாளம் மட்டுமே. பயிற்சி பெற்ற 60 கிலோ பெண்ணும், இன்றுதான் மட்டை பிடித்த 60 கிலோ மாணவனும் அட்டவணையின் கண்ணுக்கு ஒருவரே.

கடைக்காரர் சொல்வதுபோல் மட்டையே அடியை வலிமையாக்கும் என்பதும் மிகைதான். 2012-இல் ஸ்டேனோ சாரா அடித்த வட்டு மணிக்கு 108.8 மைல், அதாவது சுமார் 175 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 200 ஜூல். 100 எண் கொண்ட மட்டையை 2 அங்குலம் வளைத்தால் கிடைப்பது சுமார் 23 ஜூல். எஞ்சியது பெரும்பாலும் உடலும் தோளும் கையும் தருவது. மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-இலும் 2003-இலும் வெளியிட்ட ஆய்வுகளும், மட்டைக்கு மட்டை உள்ள வேறுபாட்டைவிட ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடே பெரிது என்று காட்டின.

மும்மடிக் கணக்கு

கல்லூரி ஆய்வகத்தில் மீட்டர் அளவுகோலை இரு கத்திமுனைகளின் மேல் வைத்து, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, யங் குணகம் காணும் சோதனையை மாணவர்கள் அறிவர். அங்கே வளைவு, கத்திமுனைகளுக்கு இடையே உள்ள தொலைவின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதே விதி மட்டைக்கும் பொருந்தும். தண்டைக் குறைத்தால் விறைப்பு விரைந்து ஏறும்.

60 அங்குலத் தண்டில் 2 அங்குலத்தை அறுத்தால் 85 என்ற எண் சுமார் 94 ஆகிறது. 4 அங்குலம் அறுத்தால் சுமார் 105. தண்டின் பருமன் எங்கும் ஒரே சீராக இல்லாததால் இவை தோராயமே. ஆனால் போக்கு இதுதான். மட்டையின் மேல் அச்சிட்ட எண் முழு நீளத்துக்கு உரியது. அட்டவணையோ, முதலில் நீளத்துக்கு ஏற்ப அறுக்கச் சொல்கிறது. எண்ணை அறுக்காத மட்டையில் பார்க்கச் சொல்கிறது. அதன் இரு விதிகளும் ஒன்றையொன்று கெடுக்கின்றன. போதாக்குறைக்கு, இந்த எண்ணை அளக்க எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான சோதனை முறையும் கிடையாது.

யாருக்கு நட்டம்?

தொழில்முறை ஆட்டக்காரருக்கு இதனால் நட்டமில்லை. அவர் பல மட்டைகளை ஆடிப் பார்த்துத் தேர்ந்துகொள்வார். நட்டம் குழந்தைகளுக்கும் வசதியற்றோருக்கும்தான். அண்ணனின் பழைய மட்டையைத் தம்பிக்கு மோவாய் வரை அறுத்துக் கொடுப்பது எங்கும் நடப்பதே. 85 எண் கொண்ட 60 அங்குலத் தண்டை 48 அங்குலமாக்கினால், மும்மடிக் கணக்கின்படி எண் 166-ஐ நெருங்குகிறது. 40 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு அட்டவணையே சொல்வது 44. கிட்டத்தட்ட நான்கு மடங்கு விறைப்பான கழியை அவன் கையில் கொடுத்துவிட்டு, 'இவனுக்கு அடிக்க வரவில்லை' என்கிறோம். அவன் தரும் விசைக்கு அந்தக் கழி வளைவதே இல்லை. நீளம் மட்டும் மோவாய் வரை சரியாக இருப்பதால் தவறு யார் கண்ணுக்கும் படுவதில்லை.

நம் நாட்டிலும் இது பொருளற்ற செய்தி அல்ல. லடாக்கில் உறைந்த குளங்களின் மேல் இந்த ஆட்டம் வளர்ந்துள்ளது. 2016-இல் தைபேயில் நடந்த ஆசிய சவால் கோப்பைப் போட்டியில் ஆடிய இந்திய மகளிர் அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்களே. பிறர் ஆடிக் கழித்த மட்டைகள் நன்கொடையாக வரும் இடங்களில், நீளத்தை மட்டும் பார்த்து அறுப்பது கொடையின் பயனைப் பாதியாக்கிவிடும்.

அட்டவணையை முற்றாகத் தள்ள வேண்டியதில்லை. முதல் மட்டையைத் தேடுபவருக்கு அது தொடக்கம் காட்டும். ஆனால் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் சறுக்குக் காலணியுடன் ஆடும் நிலையில் குனிந்து நிற்கட்டும். அலகு முழுவதும் தரையில் படிகிறதா, மேல்கை உடலில் இடிக்காமல் முன்னே போய் வருகிறதா என்று பார்த்து, கோணத்தையும் நீளத்தையும் சேர்த்து முடிவு செய்யட்டும். அறுக்க வேண்டிய அளவு தெரிந்த பிறகு, அறுத்தபின் விறைப்பு என்ன ஆகும் என்று கணக்கிட்டு, அதற்கேற்பக் குறைந்த எண்ணை எடுக்கட்டும். இறுதியாக அலகைத் தரையில் ஊன்றிக் கீழ்க்கையால் அழுத்தும்போது, உடம்பை முறுக்காமலேயே தண்டு கண்ணுக்குத் தெரிய வளைய வேண்டும். வளையாத மட்டை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதைக் கடையிலேயே விட்டுவிடலாம்.